குடை பிடிக்காத காளான்கள்!

குழந்தைகளே! காளான் படம் ஒன்று வரையுங்கள் என்று சொன்னால் என்ன வரைவீர்கள்? ஒரு காம்பு, அதன் மேல் ஒரு குடை. அவ்வளவுதான்! எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் கேட்டாலும் இதே படம்தான் வரும். ஆனால், பறவைக்கூடு போல இருக்கும் காளான் உண்டு. நட்சத்திரம் போல விரியும் காளான் உண்டு. விசிறி போல, கரித்தூள் போல, கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி போல இருக்கும் பூஞ்சைகளும் உண்டு. இவற்றைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ, இமயமலைக்கோ போகவேண்டியதில்லை. உறுவையாற்றில் தொடங்கி, ஆற்றோடு கடல் வரை போனாலே போதும்.

உறுவையாறு எங்கே இருக்கிறது என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்கலாம். புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர் அது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூர் வட்டாரத்தைத் தாண்டிக் கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைக்கு அரியாங்குப்பம் ஆறு என்று பெயர். மற்றொன்று சுண்ணாம்பாறு. இரண்டும் வங்காள விரிகுடாவில் கலக்கின்றன. இந்தச் சிறிய தூரத்துக்குள் வயல் வரப்பு, மாட்டுக்கொட்டகை, தென்னந்தோப்பு, சவுக்குத்தோப்பு, உப்பங்கழி, அலையாத்தி மரங்கள் என்று எல்லாமே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதமான காளான்! ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காளான் தேடுகிறவர் வேகமாக நடக்கக்கூடாது.

எப்போது போவது? நம் பக்கத்துக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. இரண்டு நாள் நல்ல மழை பெய்து, மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்க்கும் காலை நேரம்தான் சரியான நேரம். கூடவே அப்பாவோ, அக்காவோ, தாத்தாவோ, பெரியவர் ஒருவர் கட்டாயம் வரவேண்டும். மழைக்காலத்தில் ஆற்றங்கரை வழுக்கும். புற்றில் பாம்பும் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறுவதில்லை! காளான் தாவரமா, விலங்கா?

இரண்டும் இல்லை. அது பூஞ்சை இனம். தாவரத்தைப் போல வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்க அதனால் முடியாது. இலை, கட்டை, சாணம் என்று ஏதாவது ஒன்றை மக்கவைத்து, அதில் கரைந்து வரும் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் உடல் சுவரில் இருக்கும் பொருளுக்குக் கைட்டின் என்று பெயர். இறால் ஓட்டிலும், நண்டு ஓட்டிலும் இருக்கிறதே, அதே பொருள்தான்! உறவுமுறை பார்த்தால்கூடப் பூஞ்சைகள் செடி கொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கண்ணால் பார்க்கும் காளான், முழுப் பூஞ்சை கிடையாது. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. 'மரம்' மண்ணுக்குள்ளோ, கட்டைக்குள்ளோ, நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகளாகப் பரவிக்கிடக்கும். மழை வந்து ஈரம் கிடைத்ததும் 'பழம்' மட்டும் வெளியே தலைகாட்டும். அதிலிருந்து கோடிக்கணக்கான வித்துகள் தூள் போலப் பறக்கும்.

கறையான் செய்யும் விவசாயம்

முதல் நிறுத்தம், வரப்போரத்தில் இருக்கும் கறையான் புற்று. மழைக்குப் பிறகு புற்றின் மேலும், அதைச் சுற்றியும் வெள்ளையாகக் கூர் மூக்கு வைத்த காளான்கள் கிளம்பும். இதைத்தான் புற்றுக்காளான் என்கிறோம். இதைப் பார்த்தால் குடை போலத்தான் இருக்கும். ஆனால், இதன் கதை வித்தியாசமான கதை.

கறையான் மரத்தைத் தின்னும் என்று நமக்குத் தெரியும். ஆனால், புற்றுக் கட்டும் இந்த வகைக் கறையானால் மரத்தைத் தனியாகச் செரிக்க முடிவதில்லை. அதனால் அது என்ன செய்கிறது தெரியுமா? மென்று கொண்டுவந்த மரத்தூளையும் சருகையும் புற்றுக்குள் தேன்கூடு போல அடுக்கி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கிறது! பூஞ்சை மரத்தூளைப் பக்குவமாக மக்கவைத்துக் கொடுக்கும். கறையான்கள் அதைச் சாப்பிடும். ஈரம் குறையாமல், வெப்பம் ஏறாமல் புற்றைப் பார்த்துக்கொள்வது கறையான்களின் பொறுப்பு. தான்சானியா நாட்டில் இப்படிப்பட்ட கறையான் தோட்டம் ஒன்று கல்லாக மாறிப்போய்க் கிடைத்தது. அதன் வயது சுமார் 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகள் என்று 2016-ல் அறிவித்தார்கள். மனிதன் விவசாயம் தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது!

புற்றுக்காளானின் அடியில் மெதுவாக மண்ணைத் தள்ளிப் பார்த்தால், காம்பு வேர் போல நீண்டு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அது போய்ச் சேரும் இடம் கறையானின் தோட்டம். (பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள். புற்றை இடிக்கவேண்டாம்.) ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் இதே இனத்தில் ஒன்று இருக்கிறது. அதன் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். மழைக்கு இரண்டு பேர் ஒதுங்கலாம் போல!

புற்றுக்காளான் ருசியானது, கிராமங்களில் பறித்துக் குழம்பு வைப்பார்கள். இந்த இடத்தில்தான் உங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும்.

நீங்கள் கண்டுபிடிக்கும் எந்தக் காளானையும் வாயில் வைக்காதீர்கள். சின்னத் துண்டைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதில்களோடு ஒரு நாய்க்குடை முளைக்கும். சாப்பிடும் காளான் போலவே அழகாக இருக்கும். முதிர்ந்த பிறகு குடையின் அடிப்பக்க மடிப்புகள் பச்சை நிறமாக மாறும். இதைச் சாப்பிட்டவருக்குச் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இதைவிடக் கொடியவையும் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக்காளானைச் சமைத்துச் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் உண்டு. கொடிய நஞ்சுள்ள சில காளான்களைச் சாப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. தெரியவரும்போது நஞ்சு கல்லீரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும்.

'வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்கவைத்தால் விஷம் தெரிந்துவிடும்', 'பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான்', 'வேகவைத்தால் விஷம் போய்விடும்' என்றெல்லாம் யாராவது சொல்வார்கள். மூன்றும் பொய். அந்த நஞ்சு கொதிக்கும் நீரிலும் அழியாது. பூச்சிக்கு ஒன்றும் செய்யாத நஞ்சு மனிதனைக் கொல்லும். யாராவது சாப்பிட்டுவிட்டால், மிச்சமிருக்கும் காளானைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

காளான் சாப்பிட ஆசையாக இருந்தால் கடையில் பால் காளான் கிடைக்கிறதே, அதை அம்மாவிடம் கேளுங்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. அதுவும் ஒரு காலத்தில் யாரோ நடந்துபோகும்போது பார்த்த காட்டுக்காளான்தான். மேற்கு வங்காளத்தில் கிடைத்த அதற்கு 1974-ல் விஞ்ஞானிகள் முறைப்படி பெயர் வைத்தார்கள். பிறகு, நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் 'ஏ.பி.கே.2' என்ற ரகத்தை வெளியிட்டது. ஏ.பி.கே. என்றால் அருப்புக்கோட்டை! மொட்டுக்காளானுக்குக் குளிர் வேண்டும். பால் காளானோ நம் ஊர் வெயில் காலத்தையும் தாங்கும்.

மழைத்துளி அடிக்கும் கோலி

அடுத்து, எருக்குப்பை, மக்கிய வைக்கோல், பழைய மரத்துண்டு, தேங்காய் மட்டை கிடக்கும் இடங்களில் குனிந்து பாருங்கள். இல்லை, குனிந்தால் போதாது, உட்கார்ந்து பாருங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கிண்ணங்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்! ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் தட்டையான, பயறு போன்ற நாலைந்து 'முட்டைகள்' இருக்கும். பறவைக்கூட்டுக் காளான் இதுதான். பார்க்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

கிண்ணம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது? மழைத்துளி சரியாக அதற்குள் விழுந்தால், தண்ணீர் கிண்ணத்தின் சரிவில் மோதி வேகமாக வெளியே தெறிக்கும். அதோடு முட்டையும் தெறிக்கும். ஒரு மீட்டர் தூரம் வரைகூடப் போய் விழும்! சில வகைகளில் முட்டையின் வாலில் ஒட்டும் நூல் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பறக்கும்போது அந்த நூல் நீண்டு, எதிர்ப்படும் புல்லில் சுற்றிக்கொள்ளும். புல்லை மாடு மேயும். முட்டைக்குள் இருக்கும் வித்து மாட்டின் வயிற்றைத் தாண்டிச் சாணத்தோடு வேறு இடத்துக்குப் போய்விடும். பஸ் டிக்கெட் இல்லாமல் பயணம்! காலியான கிண்ணத்தில் சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. முட்டை உள்ள கிண்ணத்தில், ஆள் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

மழைத்துளியை நம்பியே வாழும் இன்னொன்று மண் நட்சத்திரம். மரத்தடிச் சருகுக்குள் முதலில் சின்ன வெங்காயம் போலக் கிடக்கும். பிறகு, வெளித்தோல் ஐந்தாறு கூறாகப் பிளந்து நட்சத்திரம் போல விரியும். நடுவில் உருண்டையான பை. அதன் உச்சியில் ஒரு துளை. சொட்டு நீர் பையின் மேல் விழும்போதெல்லாம் துளை வழியாகப் 'புஸ்' என்று பழுப்புப் புகை கிளம்பும். அந்தப் புகைதான் வித்து. இது எல்லா ஆண்டும் கண்ணில் படாது. ஒரு இடத்தில் பார்த்தால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விறகுக் கட்டையில் எளிதாகக் கிடைப்பது ஒன்று சொல்கிறேன். வெள்ளையும் சாம்பலுமாக, மேலே பஞ்சு ஒட்டியது போல, சிறிய விசிறி விசிறியாக வரிசை கட்டி ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மடிப்பு ஒவ்வொன்றும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும். மழையில் மறுபடி விரியும். இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? நன்றாக உலர்த்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்த இந்தக் காளானை, 50 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்து நனைத்தார்கள். அது மறுபடி விரிந்து வித்துகளைப் பொழிந்தது!

தென்னையின் காலடியில்

தென்னந்தோப்புக்குள் வந்துவிட்டோம். எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் மரத்தின் அடியைப் பாருங்கள். தரையை ஒட்டி, பழுப்பும் சிவப்புமாக, வார்னிஷ் அடித்தது போலப் பளபளவென்று பலகை போன்ற காளான் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், ரசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். தோப்புக்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

அது கனோடெர்மா. தென்னையின் வேரையும் அடித்தண்டையும் உள்ளுக்குள்ளேயே அழுகவைப்பது. பட்டையில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும், மட்டைகள் தொங்கும், குரும்பைகள் உதிரும், கடைசியில் மரமே போய்விடும். 1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் இது பெரிதாகத் தெரியவந்ததால், 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயராகிவிட்டது. காளான் வெளியே தெரியும் மரத்தைக் காப்பாற்றுவது கடினம். ஆனால், பக்கத்து மரங்களைக் காப்பாற்றலாம். நோய் கண்ட மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம் வெட்டினால், மண்ணுக்குள் வேர் வழியாகப் பூஞ்சை பரவுவது தடைபடும். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடச் சொல்கிறது வேளாண்மைத் துறை. அதோடு டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையையும் மண்ணில் இடுவார்கள். பூஞ்சையைப் பிடிக்கப் பூஞ்சையே போலீஸ்! பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவர் சரியான நேரத்தில் பார்த்துச் சொன்னால் ஒரு வரிசைத் தென்னை பிழைக்கும்.

கடற்கரைப் பக்கம் நெருங்க நெருங்கச் சவுக்குத்தோப்பு வரும். சவுக்கின் தண்டில் பட்டை கொப்புளம் போல உப்பியிருந்தால் கவனியுங்கள். கொப்புளம் வெடித்தால் உள்ளே கரித்தூள் போலக் கறுப்புப் பொடி இருக்கும். அத்தனையும் வித்துகள். பொடியை முகத்தருகே கொண்டுபோய் ஊதாதீர்கள். இந்த நோய் வந்த சவுக்கு மரம் பெரும்பாலும் பட்டுப்போகும்.

இந்தப் பூஞ்சைக்கு முதலில் ஒரு பெயர் வைத்தவர் எட்வின் பட்லர். ஆங்கிலேயர் காலத்தில், 1901-ல் இந்தியா வந்து, நம் நாட்டுப் பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பட்லர் சேர்த்த குடும்பத்தில் இது பொருந்தவில்லை என்று கண்டு, 2003-ல் புதிய பெயர் கொடுத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? 'சுப்பிரமணியனோஸ்போரா'! சென்னைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பேராசிரியர் சி.வி.சுப்பிரமணியனைப் பெருமைப்படுத்தும் பெயர் அது. 1965-ல் பட்நாகர் விருது பெற்றவர் அவர். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளைப் பற்றி 1971-ல் அவர் எழுதிய பெரிய நூலை உலகம் முழுவதும் புரட்டினார்கள். கடற்கரைச் சவுக்குமரத்தில் இருக்கும் கறுப்புப் பொடிக்கு நம் ஊர் வாத்தியார் பெயர்!

சேற்றில் கிடந்த கட்டை

இப்போது முகத்துவாரத்துக்கு வந்திருக்கிறோம். அரியாங்குப்பம் ஆற்றோரம், தேங்காய்த்திட்டுப் பக்கம் அலையாத்தி மரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் இரண்டு முறை கடல்நீர் ஏறும். இரண்டு முறை வடியும். சேறு முழுக்க உப்பு. இங்கே காளானாவது ஒன்றாவது என்று தோன்றும். சுற்றிப் பார்த்தால் ஒரு குடைகூட இருக்காதுதான்.

ஆனால், அரிதிலும் அரிதான பூஞ்சைகள் இங்கேதான் இருக்கின்றன! அவை இருக்கும் இடம் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் செத்த கட்டை. கட்டையின் மேல் ஊசியால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுதான் பூஞ்சையின் 'பழம்'.

இங்கிருந்து தெற்கே, திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய அலையாத்திக் காடு அங்கே உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த பி.தேவதத்தா, வி.வெங்கடேஸ்வர சர்மா ஆகியோர் அந்தக் காட்டில் பூஞ்சைகளைத் தேடினார்கள். இந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சேற்றில் கிடக்கும் மக்கிய கட்டைகளைப் பொறுக்கவேண்டும். தண்ணீரில் அலசிச் சேற்றைப் போக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே ஈரம் காயாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைக்கவேண்டும். அவ்வப்போது எடுத்து, அங்குலம் அங்குலமாக உருப்பெருக்கியில் பார்க்கவேண்டும். புள்ளி தெரிந்தால், அதைச் சவர பிளேடால் வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே வித்து எப்படி இருக்கிறது, எத்தனை அறை, என்ன நிறம், சுற்றிலும் பசை உறை உண்டா என்று பார்த்து அளக்கவேண்டும். பசை உறை எதற்கு? அலையடிக்கும் தண்ணீரில் மிதந்து வரும் வித்து, இன்னொரு கட்டை கிடைத்ததும் சட்டென்று ஒட்டிக்கொள்ளவேண்டாமா! அதற்குத்தான்.

பிறகு, உலகத்தில் இதுவரை யாராவது இதைப் பார்த்திருக்கிறார்களா என்று புத்தகங்களிலும், மரபணுவிலும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முத்துப்பேட்டைக் கட்டைகளிலும் குச்சிகளிலும் இருந்த சில புள்ளிகள், அப்படி எந்தப் பட்டியலிலும் இல்லை! 2018-ல் அவை புதிய இனங்களாக வெளியாயின. ஒன்றின் பெயர் மோரோஸ்பேரியா முத்துப்பேட்டென்சிஸ். ஊர்ப் பெயர் காதில் விழுகிறதா? இன்னொன்று தைரிடாரியெல்லா மாங்குரோவி. இதற்காக 'தைரிடாரியெல்லா' என்று ஒரு புதிய பேரினமே உண்டாக்கவேண்டி வந்தது. மூன்றாவது, உமரிச் செடியின் காய்ந்த குச்சியில் இருந்தது. அதற்கு, இந்தத் துறையில் முன்னோடியான சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விட்டலின் பெயரால் டெனிக்வெலாட்டா விட்டலி என்று பெயர் வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். முத்துப்பேட்டை மீனவர்கள் படகில் போகும்போது தினமும் அந்தக் கட்டைகளைப் பார்த்திருப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். விறகுக்குப் பொறுக்கியவர் அடுப்பிலேயே வைத்திருப்பார்.

2015-ல் எடுத்த கணக்குப்படி, உலகம் முழுவதும் கடலில் வாழ்வதாகத் தெரிந்த பூஞ்சைகள் 1,112. நிலத்தையும் சேர்த்தால், இதுவரை பெயர் வைத்த பூஞ்சைகள் சுமார் ஒன்றரை லட்சம். ஆனால், மொத்தம் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் இரண்டு அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். அதாவது, இருபதில் ஒன்றுக்குத்தான் நாம் பெயர் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இருபது பேர் இருந்து, ஆசிரியருக்கு ஒரே ஒருவர் பெயர்தான் தெரியும் என்றால் எப்படி இருக்கும்!

புதுப் பெயர் வைப்பதும் இஷ்டம் போல நடப்பதில்லை. உலர்ந்த மாதிரியைக் காப்பகத்தில் வைக்கவேண்டும். வர்ணனை முறைப்படி வெளியாகவேண்டும். 2013 முதல், உலகப் பூஞ்சைப் பதிவேட்டில் பதிந்து எண் வாங்கினால்தான் அந்தப் பெயர் செல்லும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி!

முயலம்மா வரைந்த காளான்

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டுமே என்று சோர்ந்துவிடாதீர்கள். பீட்டர் முயல் கதை படித்திருக்கிறீர்களா? அதை எழுதி, படமும் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற இங்கிலாந்துப் பெண், அந்தப் புத்தகம் வெளிவருவதற்கு முன் காளான்களை வரைந்துகொண்டிருந்தார். கல்லூரியில் படித்தவர் இல்லை. வித்து எப்படி முளைக்கிறது என்று வீட்டிலேயே சோதித்துக் கட்டுரை எழுதினார். 1897-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அது அறிமுகமானபோது அவரால் உள்ளே போக முடியவில்லை. பெண்களுக்கு அப்போது அங்கே இடமில்லை! வேறொருவர்தான் அவர் சார்பில் கொடுத்தார். பெண்களைச் சேர்த்துக்கொள்ள அந்தச் சங்கத்துக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அவர் வரைந்த படங்களைக் காளான் அறிஞர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள்.

உங்களுக்கும் ஒரு நோட்டு, பென்சில், அடிக்குச்சி, பூதக்கண்ணாடி போதும். பார்த்த தேதி, இடம், எதன் மேல் முளைத்தது, உயரம், நிறம், முந்திய நாள் மழை பெய்ததா என்று எழுதுங்கள். படம் வரையுங்கள். 'ஆற்றோரம்' என்று எழுதினால் போதாது. 'உறுவையாறு, ஆற்றங்கரை, பட்டுப்போன வேலமரக் கட்டை' என்று எழுதினால்தான் அடுத்த ஆண்டு போய்த் தேடமுடியும்.

வித்து எந்த நிறம் என்று பார்க்க ஒரு சோதனை. குடைக்காளான் ஒன்றைக் காம்பு நீக்கி, குடையை மட்டும் கவிழாமல், மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தாளில் வையுங்கள். தாளில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் நல்லது. மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். (பழைய டம்ளர்! மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.) காலையில் மெதுவாகத் தூக்கினால், அச்சு அசலாகச் சக்கரம் போன்ற கோலம் தாளில் விழுந்திருக்கும். வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சிலவற்றில் இளஞ்சிவப்பு. பச்சைக் கோலம் விழுந்தால், நான் மேலே எச்சரித்த நாய்க்குடையாக இருக்கலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒன்று மட்டும் டம்ளர் வரை வந்து சேராது. சாணக்குவியலில் விடியற்காலையில் சாம்பல் நிறத்தில், மூடிய குடை போல முளைக்கும் மைக்காளான். வெயில் ஏற ஏற அதன் ஓரம் கறுத்து, தன்னைத்தானே கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கறுப்பு மையாக வடிந்துவிடும். அந்த மையைத் தொட்டு எழுதலாம். எழுத்து நன்றாகவே தெரியும். அதைப் பார்க்கவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் ஆறு மணிக்கே எழுந்துவிடுங்கள். பத்து மணிக்குப் போனால் சாணத்தின் மேல் ஒரு கறுப்புக் கறைதான் இருக்கும்.